செங்கோலும் வளைகோலும்: பண்டைய எகிப்திலும் தமிழகத்திலும் ஆட்சிச் சின்னம்

செங்கோல் என்பது ஆட்சி அதிகாரத்தின் அடையாளமாக அரசர்களும் தெய்வ வடிவங்களும் ஏந்திய கோல் ஆகும். முடி, குடை, அரியணை, முரசு ஆகியவற்றுடன் சேர்த்து எண்ணப்படும் இச்சின்னம் உலகின் பல பண்டைய நாகரிகங்களில் காணப்படுகிறது. அவற்றுள் மிகப் பழைமையான சான்றுகள் எகிப்தில் கிடைத்துள்ளன. தமிழகத்தில் செங்கோல் சங்க காலம் முதலே நல்லாட்சியைக் குறிக்கும் சொல்லாக விளங்கி, இன்றும் கோயில் விழாக்களிலும் அரசியல் மேடைகளிலும் தொடர்கிறது.

இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படும. எகிப்திய அரசனின் முதன்மையான கோல் நுனி வளைந்தது. அந்த வளைவே அங்கு ஆட்சிக்குரிய எழுத்துக்குறியாகவும் இருந்தது. தமிழிலோ நேரான கோல் நல்லாட்சியையும் வளைந்த கோல் கொடுங்கோன்மையையும் குறித்தன. ஒரே பொருளைப் பற்றிய இந்த இரு பார்வைகளும், அரசனின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதை யார் அளப்பது என்ற கேள்விகளுக்கு இரு சமூகங்கள் கண்ட விடைகளாகும்.

கைத்தடியிலிருந்து ஆட்சிச் சின்னம் வரை

அரசர்களின் கோல்கள் தொடக்கத்தில் அன்றாட வேலைக் கருவிகளாக இருந்தவை. மந்தையை மேய்ப்பவன், நிலத்தை அளப்பவன், எதிரியை அடிப்பவன், வழிநடப்பவன் ஆகிய நால்வர் கையிலும் கோல் உண்டு. இவர்களின் கருவிகள் காலப்போக்கில் பொன்னும் தந்தமும் பூண்டு அரசன் கைக்கு மாறின. கருவியின் பயன் மறைந்த பின்னும் அதன் பொருள் மறையவில்லை.

தமிழ்நாட்டில் ஆடு மேய்ப்பவர்கள் மரக்கிளைகளை இழுத்து வளைத்துத் தழை பறிக்கப் பயன்படுத்தும் கருவிக்குத் தொரட்டி என்று பெயர். நுனி வளைந்த எகிப்திய மேய்ப்பன் கோலும் வடிவில் இதற்கு நெருங்கிய உறவுடையது. தமிழில் 'கோன்' என்னும் சொல் அரசனையும் இடையனையும் ஒருங்கே குறிக்கும். மேய்ப்பவனே ஆள்பவன் என்ற எண்ணம் எகிப்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

எகிப்திய மொழியில் கைத்தடியைக் குறிக்கும் 'மெது' என்னும் ஒலிக்குறி, 'பேச்சு, சொல்' என்ற பொருளுடைய சொல்லை எழுதவும் பயன்பட்டது. எகிப்தியர் தம் எழுத்து முறையைத் 'தெய்வத்தின் சொற்கள்' என அழைத்தபோதும் இதே தடிக் குறியைத்தான் எழுதினர். கையில் தடியுடன் நிற்கும் மனிதனின் உருவம் மூத்தோனையும் அதிகாரியையும் குறிக்கும் எழுத்தாக வழங்கியது. தடி ஏந்தியவன் சொல்லுக்குச் செவி சாய்க்க வேண்டும் என்ற சமூக வழக்கம் எழுத்திலேயே பதிந்துவிட்டது.

எகிப்தியக் கோல்களின் வகைகள்

எகிப்தியச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் பல வகைக் கோல்கள் காணப்படுகின்றன. ஒவ்வொன்றையும் யார், எப்போது ஏந்தலாம் என்பதில் ஒழுங்கு இருந்தது.

ஹெக்கா: இது நுனி கொக்கிபோல் வளைந்த மேய்ப்பன் கோல். இதன் உருவம் 'ஆளுதல்', 'ஆள்பவன்' என்னும் சொற்களுக்குரிய எழுத்துக்குறியாகவும் அமைந்தது. எகிப்தின் வடபகுதியை ஆண்ட அயலவரான ஹிக்சோஸ் மரபினரின் பெயர், 'அயல்நாடுகளின் ஆட்சியாளர்' என்று பொருள்படும் எகிப்தியத் தொடரிலிருந்து வந்தது. அத்தொடரின் முதற்சொல் இந்த ஹெக்காவே. எகிப்தின் அபிடோஸ் இடுகாட்டில் 1988-ஆம் ஆண்டு ஜெர்மானியத் தொல்லியலாளர் குந்தர் டிரையர் குழுவினர் அகழ்ந்த 'யு-ஜே' என்னும் கல்லறையில் தந்தத்தாலான வளைகோல் ஒன்று கிடைத்தது. அக்கல்லறை ஏறத்தாழ கி.மு. 3200-ஐச் சேர்ந்தது. எகிப்து ஒரே அரசாக இணைவதற்கு முன்பே வளைகோல் ஆட்சிச் சின்னமாகிவிட்டதை இது காட்டுகிறது.

நெக்கக்கா: ஒரு கைப்பிடியில் மணிச்சரங்கள் தொங்கும் சவுக்கு வடிவம் இது. கதிரடிக்கும் கோல் என்று சிலரும், மந்தை ஓட்டும் சவுக்கு என்று சிலரும், செடிகளிலிருந்து நறுமணப் பிசினைத் திரட்டும் கருவி என்று வேறு சிலரும் இதற்கு விளக்கம் தருகின்றனர். வளைகோலும் சவுக்கும் மார்பின் மீது குறுக்காக வைக்கப்பட்ட தோற்றம், இறந்தோர் உலகின் அரசனான ஒசிரிஸ் தெய்வத்துக்கும் எகிப்திய அரசர்களுக்கும் பொதுவானது.

வாஸ்: இது நீண்ட நேரான தண்டு. மேல்நுனியில் ஒரு விலங்கின் தலையும் கீழ்நுனியில் கவைபோன்ற பிளவும் கொண்டது. வல்லமை, மேலாண்மை என்பன இதன் பொருள். பெரும்பாலும் ஆண் தெய்வங்களின் கையில் காணப்படும் இக்கோல், கோயில் சுவர்களில் வானத்தைத் தாங்கும் தூணாகவும் வரையப்பட்டது. தீப்ஸ் நகரின் எகிப்தியப் பெயரான 'வாசெத்' இக்கோலின் குறியால் எழுதப்பட்டது. இரண்டாம் அமென்ஹோதெப் அரசனின் பெயர் பொறித்த, இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமுள்ள நீலப் பளிங்குமண் வாஸ் கோல் ஒன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

செக்கெம்: கைப்பிடியும் தட்டையான அகன்ற நுனியும் கொண்ட குறுங்கோல். 'ஆற்றல்' என்பது இதன் பொருள். பெண்சிங்க முகமுடைய செக்மெத் தெய்வத்தின் பெயரும் இதே வேரிலிருந்து பிறந்தது. இக்கோலை அரசர் மட்டுமன்றி உயர் அதிகாரிகளும் ஏந்தினர். மூன்றாம் மரபைச் சேர்ந்த அதிகாரி ஹெசி-ரேயின் சக்காரா கல்லறையில் கிடைத்த மரப்பலகைகளில், அவர் கையில் கோலும் தடியும் எழுத்தருக்குரிய கருவிகளும் ஒன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தறிவும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்திருந்ததற்கு இப்பலகைகள் சான்று.

வாஜ்: பாப்பிரஸ் தண்டின் வடிவில் அமைந்த இக்கோல் பெண் தெய்வங்களுக்கு உரியது. பசுமையையும் செழுமையையும் குறித்தது.

அடிக்கும் கோல்

கோல்களோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு கருவி கல் தலை பொருத்திய கதை ஆகும். ஹீராகோன்பொலிஸ் என்னும் இடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்ட நார்மெர் பலகை ஏறத்தாழ கி.மு. 3100-ஐச் சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில், மண்டியிட்ட எதிரியின் முடியை ஒரு கையால் பற்றி, மறு கையால் கதையை ஓங்கி நிற்கிறான் அரசன். அடுத்த மூவாயிரம் ஆண்டுகள் எகிப்தியக் கோயில் சுவர்களில் இக்காட்சி திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டது. உரோமப் பேரரசர்கள்கூட எகிப்தியக் கோயில்களில் இதே தோற்றத்தில் காட்டப்பட்டனர்.

ஆகவே எகிப்திய அரசனின் கையில் இரு கருத்துகள் இணைந்திருந்தன. தன் மக்களுக்கு அவன் மேய்ப்பன். எல்லைக்கு அப்பால் உள்ளவர்க்கு அடிப்பவன்.

துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்தவை

1922 நவம்பரில் பிரித்தானியத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் அரசர்களின் பள்ளத்தாக்கில் துட்டன்காமுனின் கல்லறையைக் கண்டறிந்தார். எகிப்திய அரசர்கள் பயன்படுத்திய வளைகோல்களும் சவுக்குகளும் நேரடியாகக் கிடைத்தது இங்குதான். நீலக் கண்ணாடியும் பொன்னும் மாறிமாறிப் பட்டைகளாக அமைந்த அவை, மன்னனின் பொன் பெட்டியில் காணப்படும் உருவத்தின் கையில் உள்ளவற்றை ஒத்தவை. வெவ்வேறு அளவுகளில் அமைந்த இவற்றுள் சிறிய சவுக்கில் 'துட்டன்காட்டன்' என்ற பழைய பெயர் காணப்படுகிறது.

இந்தப் பெயர் முக்கியமானது. சிறுவனாக ஆட்சிக்கு வந்தபோது அவன் பெயர் ஆட்டன் என்னும் கதிரவத் தெய்வத்தைச் சார்ந்தது. பின்னர் பழைய சமயத்துக்கு நாடு திரும்பியபோது பெயரும் ஆமுன் தெய்வத்தைச் சார்ந்ததாக மாற்றப்பட்டது. தெய்வம் மாறியது, பெயர் மாறியது, கோலின் வடிவம் மாறவில்லை. புதிய ஆட்சியும் பழைய சின்னத்தையே பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே கல்லறையில் ஏறத்தாழ 130 தடிகள் இருந்தன. சிலவற்றின் வளைந்த கைப்பிடிகளில் அயல்நாட்டுக் கைதிகளின் உருவங்கள் செதுக்கப்பட்டிருந்தன. மன்னன் தடியைப் பிடிக்கும்போதெல்லாம் எதிரி அவன் பிடிக்குள் அகப்படுவான் என்பது அதன் கருத்து.

கோல் ஏந்திய பெண்

கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட ஹட்செப்சுட், முதலில் சிறுவனான மூன்றாம் துட்மோசிஸின் சார்பில் ஆட்சி நடத்தி, பின்னர் தன்னையே முழு அரசராக அறிவித்தவர். தெய்ர் எல்-பகாரி கோயிலில் அவருடைய சிலைகள் ஒசிரிஸ் வடிவில், மார்பின் மீது வளைகோலும் சவுக்கும் ஏந்தி நிற்கின்றன. பெண் தெய்வங்களுக்குரிய பாப்பிரஸ் தண்டை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அரசர்க்குரிய கோல் கையில் இருந்தால் மட்டுமே அரசராக ஏற்கப்படுவார் என்ற நிலையை இது உணர்த்துகிறது. அவர் மறைந்த பின் அவருடைய சிலைகள் பல உடைக்கப்பட்டன. பெயர்கள் சுரண்டி நீக்கப்பட்டன.

எகிப்தில் அரசனை அளந்தது எது?

எகிப்திய அரசன் 'மாஅத்' எனப்படும் ஒழுங்கையும் நீதியையும் காக்கக் கடமைப்பட்டவன். இறந்தோரின் நெஞ்சம் மாஅத்தின் இறகுக்கு எதிராகத் தராசில் நிறுக்கப்படும் என்பது எகிப்தியரின் நம்பிக்கை. 'சொல்வன்மை மிக்க உழவன்' என இன்று அறியப்படும் நடு அரசுக் காலக் கதையில், பொருள் பறிகொடுத்த எளிய மனிதன் ஒருவன் உயர் அதிகாரி முன் ஒன்பது முறை முறையிடுகிறான். நீதி வழங்குவோர் தராசைப்போல் சாயாதிருக்க வேண்டும் என்று வாதிடுகிறான். இறுதியில் அவனுக்கு நீதி கிடைக்கிறது.

நடைமுறையில் முறையீடு வேறு வடிவமும் எடுத்தது. ஏறத்தாழ கி.மு. 1157-இல், மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைச் செதுக்கிய தெய்ர் எல்-மதினா தொழிலாளர்கள் தங்களுக்குரிய தானியம் வந்து சேராததால் வேலையை நிறுத்திக் கோயில் வாசலில் அமர்ந்தனர். உலக வரலாற்றில் எழுத்துச் சான்றுடன் அறியப்படும் முதல் வேலைநிறுத்தம் இது. இதைப் பதிவு செய்த பாப்பிரஸ் ஏடு இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. கல்லறைச் சுவரில் மேய்ப்பனாக மன்னனை வரைந்த கைகளே, மந்தைக்குத் தீனி வரவில்லை என்று முறையிட நேர்ந்தது.

எனினும் எகிப்திய மரபில் கோலே அரசனுக்கு எதிரான சாட்சியாக மாறவில்லை. அவனை நிறுப்பதற்குத் தராசு என்னும் வேறொரு கருவி இருந்தது. தமிழில் அந்த வேலையையும் கோலே செய்தது.

தமிழில் 'கோல்'

தமிழில் 'கோல்' என்பது தடியை மட்டும் குறிப்பதன்று. எழுதுகோல், துலாக்கோல், அளவுகோல், ஊன்றுகோல், தார்க்கோல் எனப் பல கருவிகளுக்கும் அது பொதுப்பெயர். இவற்றுள் அளவுகோலும் துலாக்கோலும் ஆட்சியோடு நெருங்கிய தொடர்புடையவை. சோழர் காலத்தில் நிலம் அளக்கப் பயன்பட்ட கோல்கள் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றன. உலகளந்த கோல், பதினாறு சாண் கோல் என்பன அவற்றுள் சில. கோயில் சுவர்களில் அக்கோலின் நீளத்தைக் கோடாகச் செதுக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது. அளவில் ஐயம் எழுந்தால் எவரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரி கேட்பவனின் கோல் ஊரறியக் கல்லில் இருந்தது.

அளவுகோலுக்கும் அரசுக்கும் உள்ள உறவு மெசொப்பொத்தேமியாவிலும் உண்டு. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத் தூணில், கதிரவத் தெய்வமான ஷமாஷ் அவனிடம் ஒரு கோலையும் வளையத்தையும் நீட்டுகிறது. அவை நிலம் அளக்கும் கோலும் சுருட்டிய கயிறும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

'செம்மை' என்னும் அடைமொழி சேர்ந்தபோது, நேரான கோல், நேர்மையான ஆட்சி என்ற இரு பொருளும் செங்கோலில் இணைந்தன. அதன் எதிர்ச்சொல்லான கொடுங்கோலில் உள்ள 'கொடுமை' என்பதற்கு வளைவு என்பதும் பொருள். திருக்குறளில் செங்கோன்மை (அதிகாரம் 55), கொடுங்கோன்மை (அதிகாரம் 56) என இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மன்னனுக்கு வெற்றி தருவது வேல் அன்று, வளையாத கோலே என்கிறார் வள்ளுவர் (குறள் 546). கோலுடன் நின்று மக்களிடம் பொருள் கேட்கும் அரசனை, வேலுடன் நின்று வழிப்பறி செய்பவனுக்கு ஒப்பிடுகிறார் (குறள் 552). நார்மெர் பலகையில் ஒரே அரசனிடம் இணைந்திருந்த ஆயுதமும் கோலும் இங்கே தனித்தனியே பிரிக்கப்படுகின்றன.

வடமொழி அரசியல் நூல்களில் இதற்கிணையான சொல் 'தண்டம்'. அது தடியையும் தண்டனையையும் ஒருசேரக் குறிக்கும். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் தண்டத்தை மிகையாகவும் குறையாகவும் இன்றி அளவோடு பயன்படுத்தும் அரசனே மதிக்கப்படுவான் என்கிறது. அங்கே வினா தண்டனையின் அளவு பற்றியது. செங்கோலிலோ வினா ஆள்பவனின் நேர்மை பற்றியது.

இக்கருத்தின் உச்சம் சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஆராயாமல் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டிய மன்னன், கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது தன் பிழையை உணர்கிறான். தன் கோல் வளைந்துவிட்டதை ஏற்று, அரியணையிலேயே உயிர் துறக்கிறான். அவ்வாறு விட்ட உயிர் வளைந்த கோலை மீண்டும் நிமிர்த்தியது என்று காப்பியம் கூறுகிறது. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையும் இதே கருத்தில் எழுந்ததே. இவை வரலாற்று நிகழ்வுகள்தாமா என்பது வேறு வினா. அரசனின் கோலைச் சரிபார்க்கும் உரிமை, அவைக்குத் தனியே வந்த ஒரு பெண்ணுக்கும் ஆராய்ச்சி மணியை இழுத்த ஒரு பசுவுக்கும் உண்டு என்று தமிழ்ச் சமூகம் தொடர்ந்து சொல்லி வந்துள்ளது என்பதே கருதத்தக்கது.

எகிப்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டா?

எகிப்தின் செங்கடல் துறைமுகமான குவாசிர் அல்-காதிமில் கணன், சாதன் முதலிய பெயர்கள் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. மற்றொரு துறைமுகமான பெரனிகேயின் கோயில் வளாகத்தில் ஒரு சாடியில் ஏறத்தாழ 7.5 கிலோ இந்திய மிளகு கண்டெடுக்கப்பட்டது. ஆயினும் இவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய உரோமர் ஆட்சிக் காலத்தவை. எகிப்திய அரச மரபுகள் அதற்கு முன்பே முடிவுற்றிருந்தன. எனவே செங்கோல் எகிப்திலிருந்து வந்தது என்றோ, இங்கிருந்து அங்கு சென்றது என்றோ கூற இச்சான்றுகள் இடம் தரவில்லை. மேய்ப்பும் உழவும் அறிந்த எந்தச் சமூகமும் கோலை ஆட்சிச் சின்னமாக்கக்கூடும் என்பதே பொருத்தமான விளக்கம்.

மதுரையில் செங்கோல்

செங்கோல் இன்றும் உயிருள்ள சடங்காக நிலவும் முதன்மையான இடம் மதுரை மீனாட்சி அம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாளில் மீனாட்சிக்குப் பட்டாபிடேகம் நடைபெறும். அம்மனுக்கு முடி சூட்டிச் செங்கோல் வழங்கப்படும். பின்னர் அம்மனின் பிரதிநிதியாகக் கோயிலின் தக்கார் அல்லது அறங்காவலர் அச்செங்கோலைப் பெற்றுப் பிராகாரத்தைச் சுற்றி வந்து மீண்டும் அம்மனிடம் சேர்ப்பார். சித்திரை முதல் ஆவணி வரை நான்கு மாதங்கள் மீனாட்சியின் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் முடிசூடும் சுந்தரேசுவரர் எஞ்சிய எட்டு மாதங்கள் ஆள்கிறார் என்பது மரபு.

நாயக்கர் காலத்தில் இச்சடங்கு அரசியலோடு இணைந்திருந்தது. திருமலை நாயக்கர் அம்மனிடமிருந்து செங்கோலைப் பெற்று அரண்மனைக்கு எடுத்துச் சென்று அரியணையில் வைத்து, பின்னர் கோயிலில் திருப்பி ஒப்படைப்பார் என்று கோயில் வரலாறுகள் கூறுகின்றன. நாட்டுக்கு உரியவள் அம்மன், நாயக்கர் அவள் பெயரால் ஆள்பவர் என்பது இதன் உட்பொருள். திருப்பித் தர வேண்டிய கோல் என்பதால், அது அரசனின் சொத்தாவதில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பேரன் விசயரங்க சொக்கநாதருக்காக இராணி மங்கம்மாள் மதுரையை ஆண்டார். ஹட்செப்சுட்டைப் போலவே, ஒரு சிறுவனின் சார்பில் ஆளத் தொடங்கிய பெண் இவர்.

செங்கோலைப் பெண் ஏந்தலாமா என்ற வினா 21-ஆம் நூற்றாண்டிலும் எழுந்தது. கணவரை இழந்த பெண் ஒருவர் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த நிலையில், அவர் செங்கோலைப் பெறக் கூடாது என்று 2024-இல் வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்க மறுத்தது. ஆள்பவளாக ஒரு பெண் தெய்வத்தையே கொண்ட கோயிலில் இவ்வழக்கு எழுந்தது குறிப்பிடத்தக்கது.

நீலகிரியில் தடி ஏந்தும் மரபு

அரசர் இல்லாத சமூகங்களிலும் கோலுக்கு மதிப்பு உண்டு. நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் அமைந்த அருவங்காடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையால் அறியப்படும் ஊர். அதை அடுத்துள்ள ஜெகதளாவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் படுகர் மக்கள் வாழும் பழைய ஊர்கள். படுகரின் முதன்மைத் தெய்வமான ஹெத்தையம்மனுக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் நடைபெறும் விழாவில் இவ்வூர்களும் பங்கு கொள்கின்றன. 'ஹெத்தை' என்பதற்குப் பாட்டி, மூதாட்டி என்று பொருள்.

ஹெத்தைக்காரர் எனப்படுவோர் விரதமிருந்து, வெண்ணிற உடையும் தலைப்பாகையும் அணிந்து, கையில் தடி ஏந்தி ஊர் ஊராக நடந்து செல்வர். நாளிதழ்ச் செய்திகள் இத்தடியைச் செங்கோல் என்றே குறிப்பதும் உண்டு. இங்கே கோல் ஓர் அரசனின் கையில் இல்லை. விரதம் காத்தவர் கையில், அதுவும் விழாக் காலத்திற்கு மட்டும், மூதாட்டியின் பெயரால் இருக்கிறது. எகிப்தில் தடி மூத்தோரின் அடையாளமாக எழுத்தில் நின்றது போலவே, மலையூர்களில் அது முன்னோரின் அடையாளமாகச் சடங்கில் நிற்கிறது.

1947-ஆம் ஆண்டின் செங்கோல்

இந்திய விடுதலையை ஒட்டித் திருவாவடுதுறை ஆதீனம் ஒரு செங்கோலைச் செய்வித்தது. சென்னை உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையில் உருவான அது ஏறத்தாழ 5 அடி நீளமுடையது. உச்சியில் நந்தி உருவம் கொண்டது. ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்ற குழுவில் தம்பிரானும் ஓதுவாரும் இருந்தனர். நாதசுவர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் உடன் சென்றார். 1947 ஆகத்து 14 அன்று மாலை ஜவகர்லால் நேருவின் இல்லத்தில் அச்செங்கோல் அவரிடம் வழங்கப்பட்டது.

இந்நிகழ்வு அன்றே விமரிசனத்துக்கு உள்ளானது. சி. என். அண்ணாதுரை 1947 ஆகத்து 24 அன்று தம் 'திராவிட நாடு' இதழில் செங்கோல் பற்றிக் கட்டுரை எழுதி, ஆதீனம் இப்பரிசை அளித்த நோக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். மக்களாட்சியின் தலைவருக்குச் சமய நிறுவனம் செங்கோல் தருவது எதைக் குறிக்கும் என்ற வினா அதன் மையமாக இருந்தது.

பின்னர் அச்செங்கோல் அலகாபாத் அருங்காட்சியகத்தில் நேருவின் பிற பொருள்களோடு வைக்கப்பட்டது. அங்கே அது நேருவுக்குப் பரிசாக வந்த பொன் கைத்தடி என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆட்சிச் சின்னமாகப் பிறந்த ஒரு பொருள், அதன் கதையை அறிந்தோர் அருகில் இல்லாதபோது மீண்டும் தடியாகிவிட்டது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பின்போது, ஆதீனங்கள் முன்னிலையில் அது மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே நிறுவப்பட்டது. அதே மாதம் 6-ஆம் நாள் இலண்டனில் மூன்றாம் சார்லசு மன்னர் முடிசூட்டின்போது செங்கோல் ஏந்தினார்.

2023-இல் நடந்த விவாதம் இரு கேள்விகளைச் சுற்றி அமைந்தது. முதலாவது வரலாறு பற்றியது. ஆதீனத்தின் செங்கோல் நேருவுக்கு வழங்கப்பட்டதற்கு அக்காலச் செய்திகள் சான்றாக உள்ளன. ஆனால் அது மவுண்ட்பேட்டன் வழியாக நடந்த அரசு முறையான ஆட்சி மாற்றச் சடங்கு என்ற கூற்று பலராலும் மறுக்கப்பட்டது. சட்டப்படி ஆட்சி மாற்றம் 1947 சூலையில் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய விடுதலைச் சட்டத்தால் நிகழ்ந்தது. இரண்டாவது கேள்வி கருத்து பற்றியது. மக்களே ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் அவையில் முடியாட்சியின் சின்னம் பொருந்துமா என்று ஒரு தரப்பினர் கேட்டனர். நீதி வழுவாமையைக் குறிக்கும் தமிழ் மரபுக்குக் கிடைத்த மதிப்பு இது என்று மறு தரப்பினர் கூறினர்.

மதிப்பீடு

எகிப்தியக் கோல் அரசனின் ஆற்றலை அறிவித்தது. அதை ஏந்தியவன் மேய்ப்பன். அவனுக்கும் ஒசிரிஸுக்கும் ஒரே அடையாளம். தமிழ் மரபின் செங்கோல் அதை ஏந்தியவனை அளந்தது. அவன் தவறினால் கோல் வளைந்தது என்றனர். வளைந்த கோலை நிமிர்த்த ஒரு மன்னன் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. நாயக்கர் காலச் சடங்கில் அது திருப்பித் தர வேண்டிய பொருளாகவும், மலையூர் விழாவில் நோன்பிருந்து பெற வேண்டிய பொருளாகவும் அமைந்தது.

சின்னங்கள் தாமே பேசுவதில்லை. துட்டன்காமுனின் சவுக்கு மூவாயிரம் ஆண்டுகள் இருளில் கிடந்தபின் ஒரு சிறுவனின் பழைய பெயரைச் சொன்னது. நந்தி பொறித்த செங்கோல் பல பத்தாண்டுகள் கைத்தடியாகக் காட்சிப்பெட்டியில் இருந்தது. ஒரு செங்கோலை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் வள்ளுவரும் இளங்கோவும் அதைப் பற்றிக் கேட்ட கேள்வி வேறு. தவறிழைக்கப்பட்ட ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது அந்தக் கோல் நேராக இருக்கிறதா என்பதே அது.